பஞ்சாலங்குறிச்சியின் கடைசி நாள்

(தூத்துக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படாமல் அச்சிடப்படுகிறது.)



கட்டபொம்மனைப் பற்றிப் பேச்சு என்றாலே நம் பக்கத்தில் எல்லாரும் வசனத்துக்குக் காத்திருப்பார்கள். 1959-இல் சிவாஜி கணேசன் பேசி முடித்ததற்கு அப்புறம் இன்னொருத்தர் மேடையேறி அதைப் பேசிக் காட்டுவது வீண் வேலை. எனக்குத் தொண்டையும் சரியில்லை. அதனால் அந்தப் படம் முடிகிற இடத்தில் நான் ஆரம்பிக்கிறேன்.

1799 அக்டோபர் 16. கயத்தாறு, புளியமரம், தூக்குக் கயிறு. கொட்டகையில் விளக்குப் போட்டுவிடுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாமும் எழுந்து வந்துவிடுவோம். ஆனால் கும்பினிக்காரனுக்குத் தூக்கம் கெட்டது அதற்குப் பிறகுதான். பதினைந்து மாதம் கழித்து இரண்டாவது சண்டை மூண்டது. முதல் சண்டையைவிடப் பெரியது, ரத்தமும் அதிகம். அந்தச் சண்டையில் நம்முடைய தூத்துக்குடி இரண்டு தடவை வருகிறது, ஆரம்பத்தில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை. அந்த இரண்டையும் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

1801 பிப்ரவரி 2. பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலே தன்னுடைய தோட்ட வீட்டில் விருந்து வைத்திருக்கிறார். ஊரில் இருந்த துரைமார்களும் துரைசானிகளுமாக இருபது பேர் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி. இதை எழுதிவைத்திருப்பவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற ஆங்கிலேய அதிகாரி. அன்றைக்கு இளைஞர். முப்பது வருஷம் கழித்து, 1830-இல், தன் நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார். இந்தச் சண்டையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி அவர் கண்ணால் பார்த்தது. மீதிக்கு நம் இடையன்குடி கால்டுவெல் ஐயர் 1881-இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் இருக்கிறது, சனங்கள் பாடிய கதைப்பாடல்கள் இருக்கின்றன.

துரைமார்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கோட்டைச் சிறையிலிருந்த பாளையக்காரர்கள் காவலாட்களை மடக்கி, வாசல் காவலையும் மடக்கி, வெளியே போய்விட்டார்கள். அவர்களில் முக்கியமானவர்கள் கட்டபொம்மனின் தம்பிகள் இருவர்: ஊமைத்துரை, செவத்தையா. திருச்செந்தூருக்குப் போகிற பக்தர்கள் மாதிரி வேஷம் போட்டு ஆட்கள் வந்து மீட்டார்கள் என்பது சனங்கள் சொல்கிற கதை. இருக்கலாம், தை மாசம் செந்தூருக்குப் போகிற கூட்டத்தை யார் நிறுத்திக் கேட்கப் போகிறார்கள்? பொழுது விடிவதற்குள் ஏறத்தாழ முப்பது மைல் ஓடி, கரிசல் காட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இதற்குப் பின்னணியை நீட்டி முழக்க எனக்கு விருப்பமில்லை, உங்களுக்கே தெரியும். 1792-இல் ஆற்காட்டு நவாபு பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கிற உரிமையைக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தார். 1799 மே மாதம் திப்பு விழுந்தார். கும்பினிப் படைக்குக் கை ஓய்ந்தது, தெற்கே பார்த்தது. செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் பஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அடுத்த மாதம் கயத்தாறு. கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். காரியம் முடிந்தது என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். (இந்தச் செப்டம்பர் 5-ஐ நினைவில் வையுங்கள். எழுபத்து மூன்று வருஷம் கழித்து அதே தேதியில், அந்தக் கோட்டைக்குப் பக்கத்திலேயே, ஓட்டப்பிடாரத்தில் ஒரு வக்கீல் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. பின்னால் இதே துறைமுகத்தில் கப்பல் விட்டது. அது வேறு கூட்டத்துக்கு.)

கும்பினிக் கடிதங்களில் இவர்களுக்குக் கலகக்காரர்கள் என்று பெயர். இன்றைக்கு நடந்திருந்தால் பத்திரிகையில் 'தீவிரவாதிகளுக்கு எதிரான பாதுகாப்பு நடவடிக்கை' என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். நம்முடைய ஆட்களே இதில் ஒரு மாதிரி நிற்கவில்லை. ம.பொ.சி. கட்டபொம்மனைச் சுதந்திர வீரர் என்று புத்தகம் எழுதி ஊர் ஊராகப் பேசினார். தமிழ்வாணன் 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' என்றே தலைப்பு வைத்துப் புத்தகம் போட்டார். எட்டயபுரத்துப் பெரியவர்களைக் கேட்டால் தமிழ்வாணன் பக்கம்தான் சாய்வார்கள். பஞ்சாலங்குறிச்சி ஆட்கள் எட்டயபுரத்துக் கிராமங்களில் புகுந்து கதிரறுத்ததும் ஆடுமாடு ஓட்டிப்போனதும் நடக்காததல்ல. பக்கத்துப் பாளையத்துக்காரன் வெள்ளைக்காரனோடு போய்ச் சேர்ந்தான் என்றால் வெறும் துரோகம் என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. வரப்புத் தகராறு என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது தேசத்தைவிடப் பழசு.

சரி, கோட்டைக்கு வருவோம். சிறை உடைந்தது 2-ஆம் தேதி. கையில் கிடைத்த படையைத் திரட்டிக்கொண்டு மெக்காலே பஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்தது 9-ஆம் தேதி. வெறும் பொட்டலைப் பார்க்கப் போகிறோம் என்று போனவர்களுக்கு எதிரே கோட்டை நிற்கிறது. இடித்த கோட்டை, ஒரு வாரத்தில்! நம் கரிசலில் வீடு கட்டியவர்களுக்கு இது புரியும். மண்ணைக் குழைத்து மிதித்து, படை படையாக ஏற்றிக்கொண்டே போவது. ஆள்தான் வேண்டும், கொத்தன் வேண்டாம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கூடி ராப்பகலாக மண் சுமந்திருக்க வேண்டும். பொம்பிளையாட்கள் சுமக்காமல் அது நடந்திருக்காது. வரகு வைக்கோல் கலந்தார்கள், பதநீர் விட்டார்கள் என்றெல்லாம் கதை உண்டு. நான் அதில் தலையிடவில்லை. ஆனால் அந்த மண்சுவரின் குணத்தை வெல்ஷ் போன்றவர்கள் செலவு செய்து தெரிந்துகொண்டார்கள். கல்சுவரில் குண்டு பட்டால் கல் உடைந்து சரியும், ஏறுவதற்கு வழியாகும். மண்சுவரில் குண்டு போய்ப் புதைந்துகொள்ளும். பகலில் விழுந்த குழியை ராத்திரி ஒரு கூடை மண்ணும் ஒரு குடம் தண்ணீரும் அடைத்துவிடும். சுற்றிலும் முள்வேலி. உள்ளே நீண்ட ஈட்டிகளோடு ஆட்கள்.

மெக்காலே திரும்பிப் பாளையங்கோட்டைக்கே போய்விட்டார். ஆள் போதாது, பெரிய பீரங்கி இல்லை. அவர் பீரங்கிக்குக் காத்திருந்த வாரங்களில்தான் தூத்துக்குடி முதல் தடவை வருகிறது.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கும்பினியின் காவல் நிலைகள் ஒவ்வொன்றாகத் தாக்கப்பட்டன. ஸ்ரீவைகுண்டத்தில் கோயிலுக்குள் இருந்த சிப்பாய்களை வளைத்துக்கொண்டார்கள். தூத்துக்குடிக் கோட்டையை எடுத்தே விட்டார்கள். அந்தக் கோட்டை டச்சுக்காரனுடையது. 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் முத்தும் சங்கும் துணியும் வாங்கி விற்பதற்காக இங்கே உட்கார்ந்திருந்தார்கள். 1795-இல் இங்கிலீஷ்காரன் பிடித்துக்கொண்டான். காவலுக்கு இருந்தது சொற்ப ஆட்கள். கடலிலிருந்து எவனாவது வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்த கோட்டைக்கு ஓட்டப்பிடாரம் ரோட்டிலிருந்து ஆள் வந்தது.

சினிமாவில் இது வராது. பாடப் புத்தகத்தில் அரை வரி. ஆனால் ஊமைத்துரைக்கு என்ன தெரிந்திருந்தது பாருங்கள். அண்ணன் கோட்டையை நம்பினார், மதில் போனதும் காட்டுக்கு ஓடினார், புதுக்கோட்டையில் அகப்பட்டார். தம்பி முதலில் துறைமுகத்தைப் பார்த்தார். மருந்தும் குண்டும் அரிசியும் வருகிற வாசல் இது. கொழும்புக்கும் நாகப்பட்டினத்துக்கும் தோணி போகிற வாசல் இது. மதிலை ஒரு வாரத்தில் கட்டிவிடலாம், வெடிமருந்தை ஒரு வாரத்தில் விளைவிக்க முடியாது. பரதவர்களின் சாதித்தலைவர் தேர்மாறன் பஞ்சாலங்குறிச்சிக்கு மருந்தும் ஆயுதமும் கொடுத்து உதவினார் என்று இந்தக் கரையில் வழிவழியாகச் சொல்கிறார்கள். பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் செய்து ஓட்டினாரே, அதே தேர்மாறன்தான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கு ராத்திரியே கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். சொல்லட்டும், எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியைப் பிடித்தபோது துறைமுக அதிகாரியாக இருந்த வெள்ளைக்காரரையும் பிடித்துப் பஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். அவர் மனைவி பின்னாலேயே போய் முறையிட்டார். ஊமைத்துரையின் ஆட்கள் அவரை விடுவித்து அனுப்பிவிட்டார்கள். இது ஆங்கிலேயர் தரப்பிலேயே பதிந்த செய்தி, நம்மவர்கள் ஜோடித்ததல்ல. கயத்தாற்றில் தூக்கில் தொங்கியது அவர்களுடைய அண்ணன். அண்ணன் செத்துப் பதினைந்து பதினாறு மாதம்தான் ஆகிறது. பழிக்குப் பழி என்று ஒரு தலையை எடுத்திருந்தால் அந்தக் காலத்தில் யாரும் வியந்திருக்க மாட்டார்கள்.

ஊமைத்துரையை வெல்ஷ் வர்ணிக்கிறார். ஒல்லியான, உயரமான இளைஞன். பார்த்தால் நோயாளி போலத் தோற்றம். வாய் பேச வராது. ஆனால் அந்த வட்டாரம் முழுக்க அவர் சைகைக்கு ஆடியது. அவர் உத்தரவு கொடுக்கிற விதத்தை வெல்ஷ் சொல்லும்போது நமக்கு எதிரே ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். இடது உள்ளங்கையில் வைக்கோல் துரும்புகளைச் சின்னச் சின்னதாக அடுக்குவாராம். அதுதான் கும்பினிப் படை. என்றைக்கு, எப்போது என்பதை வேறு சைகைகளால் காட்டுவார். பிறகு வலது கையை வீசி, வாயால் விஸ்ஸென்று ஒரு சத்தம் கொடுத்து, துரும்பு அத்தனையையும் துடைத்தெறிவார். தாக்கு என்று அர்த்தம். வசனம் அண்ணனுக்குக் கிடைத்தது. தம்பிக்குத் துரும்பு போதுமாக இருந்தது.

மார்ச் 31-ஆம் தேதி மெக்காலே மறுபடி தாக்கினார், இந்தத் தடவை பீரங்கியோடு. வேலியைத் தாண்டினார்கள், சுவரில் ஏறினார்கள், உச்சியில் ஈட்டி காத்திருந்தது. ஏறிய ஐரோப்பியர் 120 பேரில் காயம்படாமல் திரும்பியவர்கள் 46 பேர். இறந்தவர்களைப் புதைக்க எடுத்துப்போவதற்குக் கோட்டைக்குள் இருந்தவர்கள் இடம் கொடுத்தார்கள். இன்றைக்கும் கோட்டையிருந்த இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளின் கல்லறைகள் நிற்கின்றன. 1974-இல் அரசாங்கம் கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்க்கப் பஸ் பஸ்ஸாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். கல்லறைப் பக்கம் எட்டிப் பார்க்கிற வாத்தியார் குறைவு. நானும் வாத்தியாராக இருந்தவன்தான். முதல் பத்து வருஷம் நானும் கூட்டிப் போனதில்லை. ஒரு தடவை ஒரு பையன் கேட்டான்: 'சார், நம்ம ஆளுங்க கல்லறை எங்க இருக்கு?' அந்தக் கேள்விக்கு இந்த மாலை வரைக்கும் நான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மே மாதம் கர்னல் அக்னியூ வந்தார். மலையாளக் கரையிலிருந்தெல்லாம் படை தருவித்தார்கள். மே 24 அன்று கோட்டை விழுந்தது. உள்ளேயிருந்தவர்கள் கூட்டமாகத் திரண்டு வெளியே பாய்ந்து கிழக்கும் மேற்குமாக ஓடினார்கள், குதிரைப்படை துரத்திக் கொன்றது. ஊமைத்துரை காயம்பட்டு, பிணங்களோடு பிணமாகக் கிடந்தார்.

ராத்திரி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கிழவி தன் மகனைத் தேடி வந்தாள். மகன் குற்றுயிராகக் கிடந்தான். என்னை விடு, சாமியைத் தூக்கிக்கொண்டு போ என்றான். பெற்றவள் பெற்ற மகனை விட்டுவிட்டு ஊமையனைத் தூக்கிப்போனாள் என்று வெல்ஷ் எழுதுகிறார். தேடிக்கொண்டு எட்டயபுரத்து ஆட்கள் வந்தபோது, வெள்ளைத் துணியைப் போர்த்தி, வாசலில் உட்கார்ந்து பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். என்ன என்று கேட்டதற்கு, வைசூரி வந்து செத்த பிள்ளை என்றார்கள். வைசூரி என்ற சொல்லைக் கேட்டபின் எந்தச் சிப்பாய் துணியை விலக்குவான்? அம்மை போட்டால் முத்து என்று சொல்கிற ஊர் நம் ஊர். அம்மன் பெயரைச் சொல்லி ஒரு படையையே வாசலில் இருந்து திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கிழவிக்குப் பெயர் தெரியாது. அவளுக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

ஊமைத்துரை அங்கிருந்து சிவகங்கைக்குப் போனார். மருது சகோதரர்கள் இடம் கொடுத்தார்கள். ஜூன் 16-ஆம் தேதி சின்ன மருது எழுதிய அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்டது. காளையார்கோயில் காட்டை வெட்டிப் பாதை போட முயன்று கும்பினி ஒரு மாசம் முக்கியது. கடைசியில் அக்டோபர் 1 அன்று காளையார்கோயில் விழுந்தது. அக்டோபர் 24 திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கு. நவம்பர் 16 பஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை தூக்கு. கோட்டை இருந்த இடத்தை ஏர் பூட்டி உழுது, உப்பும் ஆமணக்கும் விதைத்தார்கள். ஊர்ப் பெயரைக் கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்றார். 1803-இல் பாளையக்காரர்கள் ஜமீன்தார்களானார்கள். வேலும் வல்லயமும் இருந்த கையில் பட்டாவும் கிஸ்தி ரசீதும் வந்தது.

ஆள் செத்த பிறகு ஊரைக் கொல்ல வேண்டும் என்று ஏன் தோன்றியது? ஒரு தடவை தூக்கில் போட்டு, இடித்து, முடித்துவிட்டோம் என்று நினைத்த இடத்தில் ஒரே வாரத்தில் சுவர் எழும்பியதே, அதுதான் அவர்களை ஆட்டிவிட்டது என்று எனக்குப் படுகிறது. அந்தச் சுவரைக் கட்டியது ஊமைத்துரை மட்டுமல்ல, கூடை தூக்கிய சனங்கள் என்று கும்பினிக்குத் தெரியும். கூடையையும் கூடை தூக்குகிற மனசையும் தூக்கில் போட வழியில்லை. அதனால் பெயரை எடுத்தார்கள்.

இனி நம் ஊர் இரண்டாவது தடவை வருகிறது.

தூக்கில் போட்டது போக மிச்சமிருந்த முக்கியமானவர்களை என்ன செய்வது? நாட்டுக்குள் எந்தச் சிறையில் வைத்தாலும் பாளையங்கோட்டை ஞாபகம் வரும். கடல் கடந்து அனுப்பிவிடுவது என்று முடிவானது. 1786-இல் பிரான்சிஸ் லைட் பிடித்துக் குடியேற்றம் தொடங்கிய பினாங்குத் தீவு இருக்கிறது, அங்கே. பல பாளையங்களிலிருந்தும் பொறுக்கி எடுத்த 73 பேரை இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள், தூத்துக்குடியில். சிவகங்கை வேங்கன் பெரிய உடையத் தேவர், வாராப்பூர் பொம்மைய நாயக்கர், சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி. துரைச்சாமிக்குப் பதினைந்து வயதுதான் இருக்கும்.

விதி என்ன செய்தது பாருங்கள். அப்போது தூத்துக்குடியில் பொறுப்பில் இருந்தவர் அதே வெல்ஷ். சண்டைக்கு முந்தி அவருக்கு மருதுவின் வீட்டுப் பழக்கம் உண்டு. வேல் எறியவும் வளரி வீசவும் தனக்குச் சொல்லிக்கொடுத்தது சின்ன மருது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆசானைத் தூக்கில் போட்டாயிற்று, ஆசானின் பிள்ளை சங்கிலியோடு எதிரே உட்கார்ந்திருக்கிறான். அந்தச் சங்கிலியின் கனத்தைக் குறைக்க மட்டும்தான் தன்னால் முடிந்தது என்கிறார் வெல்ஷ்.

1802 பிப்ரவரி 11 அன்று கப்பல் கிளம்பியது. நம் கடலின் லட்சணம் உங்களுக்குத் தெரியும், கரையோரம் ஆழமில்லை. 1974-இல் புதுத் துறைமுகம் வருகிறவரை பெரிய கப்பல் தூரத்தில்தான் நிற்கும், சரக்கு தோணியில் போகும். ஆகவே இந்த 73 பேரும் தோணியில்தான் ஏறியிருக்க வேண்டும், முத்துக் குளிக்கப் போகிறவர்கள் ஏறுகிற அதே கரையிலிருந்து. மருதநிலத்து ஆளும் கரிசல்காட்டு ஆளும். பாதிப் பேர் அதற்கு முன்னால் கடலைப் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். தோணியைத் தள்ளியது நம் ஆட்களின் கைகளாகத்தான் இருக்கும். கூலிக்குச் செய்திருப்பார்கள், என்ன நினைத்துக்கொண்டு செய்தார்களோ.

1818-இல் வெல்ஷ் உடம்பு சரியில்லாமல் பினாங்குக்குப் போனார். அங்கே அவரைப் பார்க்க ஒரு கிழவர் வந்தார். ஒடுங்கி, தளர்ந்து, அடையாளம் தெரியவில்லை. யார் என்று கேட்டதும், துரைச்சாமி என்று பெயர் சொன்னார். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தக் கிழவருக்கு வயது முப்பத்தொன்று முப்பத்திரண்டு. ஊரில் மிஞ்சியிருக்கிற சொந்தக்காரர்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அது உத்தரவுக்கு விரோதம் என்று வெல்ஷ் மறுத்துவிட்டார். நல்ல மனுஷர்தான், அழுத மாதிரியே எழுதுகிறார், ஆனால் கடிதத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

பஞ்சாலங்குறிச்சிச் சண்டை கயத்தாற்றில் முடியவில்லை, 1801 மே மாதத்திலும் முடியவில்லை. அது முடிந்த இடம் இந்த ஊரின் பழைய துறைமுகம்.

என் மாணவன் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான். 'நம்ம ஆளுங்க கல்லறை' கரிசலில் இல்லை தம்பி, பாதி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இங்கே ஆசிரியர்கள் பத்துப் பேராவது வந்திருக்கிறீர்கள். வருகிற பிப்ரவரி 11-ஆம் தேதி காலையில் உங்கள் பிள்ளைகளைப் பழைய துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பேச்சாளர், மாலை, மைக் எதுவும் வேண்டாம். 73 என்ற எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். நேரமாகிவிட்டது, கடைசிப் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் கிளம்பலாம்.